தானே ட்யூன் செய்துகொள்ளும் கன்ட்ரோலரை எந்த லூப்பில் நம்பி விடலாம்?

மணலி ஷிஃப்ட் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மணலியில் ஒரு இரசாயன ஆலையின் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் பழைய டிசிஎஸ்ஸை (ஆலை முழுவதையும் கட்டுப்படுத்தும் கணினி அமைப்பை) மாற்றியபோது, புதியதோடு ஒரு தகவமைக் கட்டுப்பாட்டு பிளாக்கும் வந்தது. லூப் (சென்சார், கன்ட்ரோலர், வால்வு மூன்றும் சேர்ந்த கட்டுப்பாட்டுச் சுற்று) ஓடிக்கொண்டிருக்கும்போதே செயல்முறையின் போக்கை அளவீடுகளிலிருந்து கணித்து, கெயினையும் (பிழைக்கு எவ்வளவு வலுவாக வால்வை அசைப்பது) இன்டெக்ரல் நேரத்தையும் (மிஞ்சும் பிழையை எவ்வளவு சீக்கிரம் திருத்துவது) தானே திருத்திக்கொள்ளும் வகை அது. ட்யூனிங்குக்கென்று எங்களிடம் தனி ஆள் இல்லாததால், அதை இரண்டு லூப்களில் போட்டுப் பார்க்கும்படி நிர்வாகம் சொன்னது. முதலாவது, ஃபீட் ப்ரீஹீட்டரின் வெளிவாய் வெப்பநிலை. நீராவி வால்வைக் கொண்டு அதை 120 டிகிரியில் நிறுத்த வேண்டும். இரண்டாவது, கழிவுநீர் நியூட்ரலைசேஷன் டேங்கின் பிஎச்; காஸ்டிக் (காரம்) டோசிங் வால்வைக் கொண்டு அதை 7-க்கு அருகில் வைக்க வேண்டும்.

ப்ரீஹீட்டர் லூப் பதினொரு நாள் மிக அழகாக ஓடியது. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை, ஃபீட் மணிக்கு 40 கனமீட்டரிலிருந்து 28-க்குக் குறைக்கப்பட்ட சில நிமிடங்களில், வெப்பநிலை மேலும் கீழுமாக 6 டிகிரி ஆடத் தொடங்கியது, ஆட்டம் அடங்கவில்லை. பேனலில் இருந்தவர் லூப்பை மேனுவலுக்கு மாற்றிச் சமாளித்தார். நான் காலையில் வந்து பார்த்தபோது, 1.2 என்று வைத்துத் தொடங்கிய கெயின் 4.7 ஆகியிருந்தது, 180 விநாடியாக இருந்த இன்டெக்ரல் நேரம் 55 விநாடிக்கு இறங்கியிருந்தது. முந்தைய இரவு முழுக்க ஆலையில் ஃபீடும் மாறவில்லை, செட்பாயின்டும் (இலக்கு வெப்பநிலையும்) மாறவில்லை. ஒன்றும் நடக்காத ஓர் இரவில் இந்த எண்கள் ஏன் நகர்ந்தன என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பிஎச் லூப்போ முதல் நாளிலிருந்தே தடுமாறுகிறது. இத்தகைய கன்ட்ரோலரை எதில் பயன்படுத்தலாம், எதில் கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

குரோம்பேட்டை ஆய்வு மாணவி எழுதியது:

வணக்கம் சார். ஒன்றும் நடக்காத இரவுதான் இந்தக் கணிப்பு முறைக்கு மிக ஆபத்தான நேரம். ஆலையில் அசைவு இருந்தால்தான் அதைப் பற்றிக் கற்றுக்கொள்ள முடியும். வால்வும் அசையாமல் வெப்பநிலையும் அசையாமல் இருக்கும்போது, கணிப்பானுக்கு (பிளாக்கில் செயல்முறையின் போக்கைக் கணிக்கும் பகுதிக்கு) கிடைப்பது சென்சாரின் இரைச்சல் மட்டுமே. போதாக்குறைக்கு லூப் ஆட்டோவில் இருக்கிறது. வால்வின் ஒவ்வொரு அசைவும் வெப்பநிலையைப் பார்த்து கன்ட்ரோலரே கொடுத்த அசைவு என்பதால், வால்வினால் வெப்பநிலை மாறியதா, வெப்பநிலையினால் வால்வு மாறியதா என்பதைக் கணிப்பானால் பிரித்தறிய முடியாமல் போகிறது.

இதில் மறதிக் காரணி என்று ஒன்று உண்டு. ஆலை மெல்ல மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், பழைய தரவின் மதிப்பைப் படிப்படியாகக் குறைப்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். அது 0.99 என்றால் கணிப்பானின் நினைவு ஏறத்தாழ 100 மாதிரிகள் (அளவீடுகள்). 5 விநாடிக்கு ஒரு மாதிரி என்றால் எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். புதிய செய்தி எதுவும் வராமல் பழையதை மட்டும் மறந்துகொண்டே போனால், கணிப்பான் தன் எண்களின் மீது வைத்திருக்கும் ஐயம் ஒவ்வொரு மாதிரிக்கும் 0.99-ஆல் வகுபட்டு வளரும். ஒரு மணி நேரத்தில் 720 மாதிரிகள். அந்த வளர்ச்சி ஏறத்தாழ 1,400 மடங்கு. அந்த நிலையில் ஒரு சிறு இரைச்சல் வந்தாலும் கணிப்பு எங்கோ தாவிவிடும்.

1973-இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஆஸ்ட்ரோமும் விட்டன்மார்க்கும் சுயட்யூனிங் ரெகுலேட்டர் பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, கணிப்பு ஒருநிலைப்பட்டால் கன்ட்ரோலரும் சரியான இடத்துக்கே வந்துசேரும் என்ற அழகான முடிவைக் காட்டினார்கள். நாங்கள் வகுப்பில் அதை வியந்து படித்தோம். ஆனால் அந்த ‘ஒருநிலைப்பட்டால்’ என்ற சொல்லின் எடையை உங்கள் ட்ரெண்டை (நேரத்தோடு பதிவாகும் வரைபடத்தை) போன்ற ஒன்றைப் பார்த்தால்தான் உணர முடிகிறது. அந்த இரவின் வால்வு அவுட்புட், வெப்பநிலை, கெயின் மூன்றையும் ஒரே படத்தில் பதிவிட முடியுமா?

பெரம்பூர் பெரியவர் எழுதியது:

தம்பி, முப்பத்து நான்கு ஆண்டுகள் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாணவி சொன்ன கணக்கு சரியாகவே இருக்கும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கணக்குக்குள் போவதற்கு முன்னால் நீங்கள் அந்த நீராவி வால்வைப் போய்ப் பார்த்தீர்களா? லூப்பை மேனுவலில் வைத்து, அவுட்புட்டை அரை சதவீதம் அரை சதவீதமாக ஏற்றுங்கள். வால்வுத் தண்டின் பக்கத்தில் வாக்கி டாக்கியோடு ஒருவரை நிறுத்துங்கள். எத்தனையாவது படியில் தண்டு நகர்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே போலக் கீழே இறக்குங்கள். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்த லூப்களில் பெரும்பாலானவற்றில் நான் கடைசியில் கையை வைத்தது வால்வின் மீதுதான்.

அம்பத்தூர் வால்வு சர்வீஸ் எழுதியது:

பெரியவர் சொன்ன சோதனையை அவசியம் செய்யுங்கள். நீராவி வால்வில் கசிவு தெரிந்தவுடன் கிளாண்ட் நட்டை (தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங்கை அழுத்தும் நட்டை) இறுக்கிவிடுவது எல்லா ஆலைகளிலும் நடக்கிறது. கிராஃபைட் பேக்கிங்கை அளவுக்கு மேல் இறுக்கினால் தண்டு பிடித்துக்கொள்ளும். அழுத்தம் சேர்ந்த பிறகு ஒரேயடியாகத் தாவும். ட்ரெண்டில் அடையாளம் காண்பதும் எளிது: கன்ட்ரோலர் அவுட்புட் ரம்பப் பல் போல ஏறி இறங்கும், அளக்கப்படும் அளவோ படிக்கட்டு போலத் தாவும். பொசிஷனரின் (வால்வுத் தண்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் கருவியின்) ஃபீட்பேக்கையும் டிசிஎஸ்ஸுக்குக் கொண்டுவந்திருந்தால், தண்டு நின்ற இடம் நேராகவே தெரிந்துவிடும்.

மணலி ஷிஃப்ட் எழுதியது:

இன்று பகலில் சோதனை செய்தோம். மேலே போகும்போது ஐந்தாவது படியில்தான், அதாவது 2.5 சதவீதம் ஏறிய பிறகுதான் தண்டு நகர்ந்தது. அதுவும் ஒரு தாவலாக. மூன்று வாரத்துக்கு முன் கிளாண்டை இறுக்கியதாகப் பராமரிப்புப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த இரவின் ட்ரெண்டில் கன்ட்ரோலர் அவுட்புட் ஏறத்தாழ 2 சதவீத அகலத்துக்குள் மெதுவாக ஏறி இறங்கியிருக்கிறது. வெப்பநிலையில் அதற்கேற்ற அசைவே இல்லை. கெயின் நள்ளிரவுக்குப் பிறகு படிப்படியாக ஏறியிருக்கிறது. மாணவி எழுதியது போல எங்கோ தாவவில்லை.

குரோம்பேட்டை ஆய்வு மாணவி எழுதியது:

அப்படியென்றால் என் விளக்கத்தை நான் திருத்திக்கொள்ள வேண்டும். கெயின் தாறுமாறாகப் போகாமல் ஒரே திசையில் ஏறியதற்குக் காரணம் இரைச்சல் அல்ல, வால்வுதான். கணிப்பான் பார்ப்பது அவுட்புட்டையும் வெப்பநிலையையும் மட்டுமே. தண்டு பிடித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. அவுட்புட் 2 சதவீதம் மாறியும் வெப்பநிலை மாறவில்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்து, இந்த ப்ரீஹீட்டர் மிக மந்தமானது, நீராவிக்கு அசைந்து கொடுப்பதில்லை என்று முடிவு கட்டியிருக்கிறது. மந்தமான செயல்முறைக்கு வலுவான கன்ட்ரோலர் வேண்டும் என்பது அதன் விதி; ஆகவே கெயினை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. விடியற்காலையில் ஃபீட் குறைந்தவுடன் அவுட்புட் அந்தச் சிறு பட்டையைத் தாண்டி வெகுவாக நகர வேண்டியிருந்தது. அப்போது வால்வு உண்மையாகவே நகர்ந்தது. மந்தம் என்று நினைத்த ப்ரீஹீட்டர் தன் முழு வேகத்தைக் காட்டியது.

ஃபீட் குறைந்ததும் நிலைமையை மோசமாக்கியிருக்கும். அதே அளவு நீராவி குறைவான திரவத்தைச் சூடாக்குவதால், வெப்பநிலையின் மாற்றம் அதிகம். 40-ஐ 28-ஆல் வகுத்தால் செயல்முறையின் கெயின் (அவுட்புட் மாற்றத்துக்கு வெப்பநிலை எவ்வளவு மாறும் என்பது) ஏறத்தாழ 1.4 மடங்காகிறது. திரவம் மெதுவாகப் போவதால் டெட் டைமும் (மாற்றத்தின் விளைவு தெரியத் தொடங்கும் வரையான தாமதமும்) நீள்கிறது. கன்ட்ரோலரின் கெயினைக் குறைத்திருக்க வேண்டிய நேரத்தில் அது ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்திருக்கிறது.

பெரம்பூர் பெரியவர் எழுதியது:

இப்போது என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஓடும் லூப்பில் இடைவிடாமல் தன்னை மாற்றிக்கொள்ளும் எதையும் நான் என் பொறுப்பில் அனுமதித்ததில்லை. தகவமைக் கட்டுப்பாடு ஆலைகளுக்கு வருமுன்பே விமானங்களுக்குத்தான் வந்தது. 1967 நவம்பர் 15-இல் அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் நொறுங்கி, மைக்கேல் ஆடம்ஸ் என்ற விமானி உயிரிழந்தார். விமானம் முதலில் நிலை தவறியதற்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் சுழற்சியிலிருந்து வெளிவந்த பிறகு, அதன் தகவமைக் கட்டுப்பாட்டின் கெயின் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் நின்று, விமானம் ஓயாத ஆட்டத்தில் சிக்கிக்கொண்டது. கெயினைக் கூட்டும் அறிவு ஒரு கருவிக்கு இருந்தால் மட்டும் போதாது. எப்போது விட்டுக்கொடுப்பது என்ற அறிவு அதற்கு இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ட்யூன் செய்ய ஆள் இல்லை என்பதும் ஒரு காரணமாகாது. 1984-இல் ஆஸ்ட்ரோமும் ஹேக்லுண்டும் காட்டிய ரிலே சோதனை இன்று ஏறத்தாழ எல்லா டிசிஎஸ்ஸிலும் ஒரு பொத்தானாக இருக்கிறது. கன்ட்ரோலர் இருந்த இடத்தில் ஒரு சுவிட்ச் போல அவுட்புட் மேலும் கீழும் மாறும். லூப் சிறிய, கட்டுக்குள் அடங்கிய ஆட்டத்துக்கு வரும். நான்கைந்து சுற்றுகளில் வேலை முடிந்துவிடும். ரிலேயின் வீச்சை நான்கால் பெருக்கி, பை (π) என்ற எண்ணையும் ஆட்டத்தின் வீச்சையும் பெருக்கி வந்ததால் வகுத்தால், லூப் தாங்கக்கூடிய உச்ச கெயின் கிடைக்கும். அளந்தோம், வைத்தோம், பூட்டினோம் என்று வெளியே வந்துவிடலாம். வால்வைச் சரிசெய்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். பிடித்துக்கொள்ளும் வால்வில் ரிலே சோதனையும் பொய்தான் சொல்லும்.

கிண்டி கமிஷனிங் எழுதியது:

பெரியவரின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஓடும் லூப்பில் தகவமைப்பு என்றாலே இப்படிப்பட்ட கணிப்பான் என்று பொருளல்ல. 1984-இல் ஃபாக்ஸ்போரோ நிறுவனம் வெளியிட்ட எக்ஸாக்ட் கன்ட்ரோலர், செயல்முறையின் கணித மாதிரி எதையும் கணிக்கவில்லை. ஒரு தொந்தரவு வந்து பிழை எழும்போது அதன் அடுத்தடுத்த முகடுகளின் உயரத்தைப் பார்த்து, அனுபவமுள்ள ஒரு பொறியாளர் ட்ரெண்டைப் பார்த்துத் திருத்துவது போலத் திருத்தியது. தொந்தரவு இல்லாதபோது அது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தது. அமைதியான இரவில் சும்மா இருப்பதுதான் இந்தத் துறையில் மிகப் பெரிய நற்பண்பு என்று நான் கருதுகிறேன்.

என்னுடைய கேள்வி இதுதான்: செயல்முறை எதனால் மாறுகிறது, அந்தக் காரணத்தை நம்மால் அளக்க முடியுமா? ப்ரீஹீட்டர் ஃபீடினால் மாறுகிறது; ஃபீடுக்கு ஃப்ளோமீட்டர் இருக்கிறது. ஆகவே கன்ட்ரோலரின் கெயினை ஃபீடுக்கு நேர்விகிதத்திலும், இன்டெக்ரல் நேரத்தை எதிர்விகிதத்திலும் மாற்றும் ஓர் அட்டவணை போதும். அங்கே கற்றுக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. தெரிந்ததையே கற்றுக்கொள்ளும்படி ஒரு கருவியை ஏவுவது வீண்வேலை.

பிஎச் அப்படியல்ல, உங்கள் இரண்டாவது லூப்பைப் பற்றி யாரும் பேசாததால் நானே சற்று விரிவாகச் சொல்கிறேன். தாங்கல் (பிஎச் மாற்றத்தை எதிர்த்து நிற்கும் பொருள்) இல்லாத வலிய அமிலமும் வலிய காரமும் மட்டும் இருந்தால்கூட, பிஎச் 7-இல் ஒரு துளி காஸ்டிக் ஏற்படுத்தும் மாற்றம், பிஎச் 4-இல் அதே துளி ஏற்படுத்துவதைப் போல 500 மடங்கு. எந்த ஒற்றைக் கெயினும் இதைத் தாங்காது. உங்கள் லூப் முதல் நாளே தடுமாறியதில் வியப்பில்லை. இந்த வளைவின் வடிவம் நமக்குத் தெரிந்ததுதான் என்பதால், ஆய்வகத்தில் உங்கள் கழிவுநீரை டைட்ரேஷன் செய்து (காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பிஎச்சை அளந்து), பிஎச் பிழையைக் காஸ்டிக் தேவையாக மாற்றும் ஒரு வளைவை டிசிஎஸ்ஸில் போடுங்கள். முதல் பெரும்பகுதி வேலை அதிலேயே முடியும்.

மிச்சம் இருப்பதுதான் உண்மையான தகவமைப்புக்கு உரிய இடம். கழிவுநீரில் கார்பனேட்டோ பாஸ்பேட்டோ கலந்து வந்தால் அவை தாங்கலாக நின்று வளைவையே தட்டையாக்கும். அவை எப்போது எவ்வளவு வரும் என்பதைச் சொல்ல எந்த மீட்டரும் உங்களிடம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் திறந்த கால்வாய்கள் வழியாகக் கலந்து எல்லாவற்றையும் நீர்க்கச் செய்துவிடும். இங்கே நான் தகவமைப்பைப் பயன்படுத்தியிருக்கிறேன். பல ஆண்டுகள் ஓடவும் செய்தது. ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. திருத்தப்படுவது ஒரே ஓர் எண், அதாவது அந்த வளைவின் ஒட்டுமொத்தப் பெருக்கி மட்டுமே. அது தொடக்க மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழும் மூன்று மடங்குக்கு மேலும் போக முடியாது. லூப் மேனுவலில் இருந்தாலும், வால்வு முழுவதும் திறந்தோ மூடியோ நின்றாலும், பிழை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தாலும் கற்றல் நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கெயினைக் குறைப்பது வேகமாகவும் கூட்டுவது மிக மெதுவாகவும் நடக்க வேண்டும். தாங்கல் உள்ள நீர் மூன்று மணி நேரம் வந்து கெயின் ஏறிவிட்ட பிறகு, அது திடீரென்று நின்றுபோகும் அந்த நிமிடம்தான் ஆபத்து. நம் நாட்டில் கழிவுநீர் வெளியேற்றத்துக்குரிய பொது வரம்பு 5.5 முதல் 9 வரை. காஸ்டிக் ஒருமுறை அதிகமாகிவிட்டால் 9-ஐத் தாண்ட அதிக நேரமாகாது.

திருவொற்றியூர் பேனல் எழுதியது:

இருபத்தொரு ஆண்டுகளாக பேனலில் உட்காருகிறேன். பொறியாளர்கள் பேசும் இடத்தில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். அந்த விடியற்காலையில் லூப்பை மேனுவலுக்கு மாற்றிய நண்பர் சரியானதையே செய்தார்; ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு லூப் எப்படி நடந்துகொள்ளும் என்பது எங்களுக்குக் கையில் படிந்த பழக்கம். ஃபீடைக் குறைத்தால் வெப்பநிலை எத்தனை டிகிரி ஏறி எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்று கடிகாரம் பார்க்காமலே சொல்வோம். கெயின் யாரிடமும் சொல்லாமல் மாறினால், எங்கள் அந்தப் பழக்கமே எங்களை ஏமாற்றிவிடுகிறது. ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். லூப்பின் முகப்புத் திரையில் இப்போதைய கெயினும் தொடக்க கெயினும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். இரண்டும் வெகுவாக விலகினால் ஓர் எச்சரிக்கை வர வேண்டும். இரண்டாவதாக, கடைசியாக நன்றாக ஓடிய எண்களுக்கு ஒரே பொத்தானில் திரும்பும் வசதி ஷிஃப்டில் இருப்பவரின் கையில் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பொறியாளரை வீட்டிலிருந்து அழைத்து அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பெரம்பூர் பெரியவர் எழுதியது:

பேனல் நண்பர் சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கிண்டி நண்பரின் பிஎச் வாதத்தையும் ஏற்கிறேன். காரணத்தை அளக்க முடியாத இடத்தில், ஒரே ஓர் எண்ணை, வேலி போட்டு மாற்றுவது என்றால் எனக்குத் தடையில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பாய்லர் டிரம் லெவலில் இந்த பிளாக்கைப் போடச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். நீராவித் தேவை திடீரென்று கூடும்போது டிரம்மில் குமிழிகள் பெருத்து, தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும் வேளையில் மட்டம் ஏறுவது போலக் காட்டும். அந்தத் தலைகீழ் அசைவைக் கற்றுக்கொள்ளும் கணிப்பான் தவறான பாடத்தைத்தான் கற்கும். அங்கே நீராவி ஓட்டம், தண்ணீர் ஓட்டம், மட்டம் மூன்றையும் சேர்த்த வழக்கமான முறையே போதும்.

மணலி ஷிஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன். வால்வின் பேக்கிங் மாற்றப்பட்டது. இப்போது அரை சதவீதப் படிக்கே தண்டு நகர்கிறது. அதன் பிறகு, ஃபீட் 40-இல் இருந்தபோது ரிலே சோதனை செய்தோம். அவுட்புட்டை மேலும் கீழும் 4 சதவீதம் மாற்றினோம். வெப்பநிலை மேலும் கீழும் 3 டிகிரி ஆடியது. டிரான்ஸ்மிட்டர் அளக்கும் முழு எல்லை 200 டிகிரி என்பதால் அது 1.5 சதவீதம், ஒரு சுற்றுக்கு 140 விநாடி. பெரியவர் சொன்ன கணக்குப்படி உச்ச கெயின் 3.4. அதைக் கண்டபோது சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். பிளாக் போய் நின்ற 4.7 அந்த உச்சத்துக்கே மேலே. ஃபீட் 28-இல் உச்சம் இன்னும் இறங்கி 2.4 அளவில்தான் இருக்கும். பிடித்துக்கொண்ட தண்டுதான் பல மணி நேரம் அந்த ஆட்டத்தை வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருந்தது.

சீக்லர், நிக்கோல்ஸ் இருவரும் 1942-இல் தந்த விதிப்படி கெயின் 1.5-க்கும் இன்டெக்ரல் 117 விநாடிக்கும் வருகிறது. எங்களுக்கு ஆட்டம் சீக்கிரம் அடங்குவதுதான் முக்கியம் என்பதால், மாணவி தனிச்செய்தியில் பரிந்துரைத்த டைரஸ்–லூபென் விதியை எடுத்துக்கொண்டு கெயின் 1.06, இன்டெக்ரல் 308 விநாடி என்று வைத்தோம். இந்த எண்கள் ஃபீட் 40-க்கு உரியவை. ஃபீட் மாறினால் அட்டவணை அவற்றை மாற்றும். நேற்று விடியற்காலை ஃபீட் மீண்டும் 28-க்கு இறங்கியது. வெப்பநிலை ஒருமுறை 2 டிகிரி ஏறி, ஏழெட்டு நிமிடத்தில் தன் இடத்துக்கு வந்துவிட்டது. அந்த லூப்பில் தகவமை பிளாக்கை நிறுத்திவிட்டோம்.

பிஎச் லூப்பில் அதை வைத்துக்கொள்கிறோம், ஆனால் கிண்டி நண்பர் சொன்ன வேலிகளோடு. டைட்ரேஷன் வளைவை ஆய்வகத்தில் மூன்று வேறு நாட்களின் மாதிரியில் எடுத்திருக்கிறார்கள். மூன்றும் ஒன்றுபோல இல்லை என்பதால் அவர் சொன்ன தாங்கல் எங்களிடமும் இருக்கிறது என்று தெரிகிறது. கெயின் இரண்டையும் காட்டும் திரையும், திரும்பும் பொத்தானும் தயாராகிவிட்டன. பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை எங்கள் பேனல் ஆட்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐப்பசி மழை தொடங்கிக் கால்வாயில் மழைநீர் கலக்கும் நாட்களின் ட்ரெண்டை எடுத்து, பெருக்கி எந்தப் பக்கம் போனது என்பதை இதே இழையில் பதிவிடுகிறேன்.